டாக்டர் அய்யாவு குடித்த பால்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! டாக்டரின் துணைவியார் உஷாராணி அம்மா அவர்களே! மெல்பர்னிலிருந்து வந்து தாயாருக்குத் துணையாக இருக்கும் மகள் வாணி அவர்களே! மூட்டுவலியோடு இந்த மாடிப்படி ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! காப்பாரிலிருந்தும் செராசிலிருந்தும் வந்து, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே! எல்லோருக்கும் பக்கிரிசாமியின் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். போதாது. மணி அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். அடித்தாலும் நான் நிறுத்தப் போவதில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தவன் அல்லன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். முப்பத்தொரு வருடம் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டினேன். கொள்கலன் ஏற்ற வரிசையில் நிற்கும்போது நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கின் மேல் புத்தகத்தை வைத்துப் படித்தேன். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் இந்த வாசகர் அரங்கில் இருபது வருடமாக உறுப்பினன். மறைந்த டாக்டர் அய்யாவு அவர்களை இந்த மேடையில் ஏழு முறை எதிர்த்துப் பேசியவன். அவருடைய எதிரி என்று என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும்.

இரங்கல் கூட்டத்தில் எதிரிக்கு என்ன வேலை? கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

இன்னும் சிறிது நேரத்தில் தலைவர் இரங்கல் தீர்மானம் வாசிக்கப் போகிறார். நம் செயலாளர் விமலன் எழுதியது. நல்ல தமிழ். ஆனால் அதில் ஐந்தாவது வரி இப்படி இருக்கிறது: 'நோயாளியின் உயிரை முடித்துவைக்க மருத்துவர் உதவலாகாது என்று வாழ்நாள் முழுதும் வாதிட்ட டாக்டர் அவர்கள், தம் இறுதிக் காலத்தில் அக்கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.'

இந்த வரி பொய். இதை அடித்துவிட்டுத்தான் தீர்மானம் வாசிக்கப்பட வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். இந்த வரியால் லாபம் அடைகிறவன் யார்? நான்! பன்னிரண்டு வருடமாக நான் சொன்னதைத்தான் அந்த வரி சொல்கிறது. டாக்டர் கடைசியில் பக்கிரிசாமி பக்கம் வந்துவிட்டார் என்று சொல்கிறது. விமலன் இதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அங்கிள், நீங்க ஜெயிச்சிட்டீங்க லா!" என்று ஒரு கைதட்டல் படமும் போட்டிருந்தார். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். அது ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் டாக்டர் யார்? காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். அய்யாவு என்பது தோட்டத்துப் பெயர். கல்லூரியில் சேர்ந்தபோது, பெயரை மாற்றிக்கொள், ஆங்கிலேய வாத்தியார்களுக்கு வாயில் நுழையாது என்று நண்பர்கள் சொன்னார்களாம். "எங்கப்பா வாயில நுழைஞ்சிச்சு, அது போதும்" என்றாராம். கிள்ளானில் முப்பத்தேழு வருடம் கிளினிக் நடத்தினார். வியாழக்கிழமை பிற்பகலில் கிளினிக்கை மூடிவிடுவார். அன்று வீடு வீடாகப் போவார். யாருடைய வீட்டுக்கு? பிழைக்க மாட்டார்கள் என்று மருத்துவமனை அனுப்பிவைத்தவர்களின் வீட்டுக்கு. செராஸ் அடுக்குமாடியில் மின்தூக்கி வேலை செய்யாத நாளிலும் போவார். ஸ்ரீ கெம்பாங்கானில் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் வாடகை அறைக்கும் போவார்.

போனவுடன் நாடி பார்க்க மாட்டார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இந்த வீட்ல கடைசியா தூங்கினது யாரு? தூங்காதது யாரு?" தூங்காதவர் யார் என்று தெரிந்ததும் அவரை உள்ளறைக்கு அனுப்பிப் படுக்கவைப்பார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நோயாளி பக்கத்தில் உட்கார்வார். உள்ளே படுத்தவர் தூங்கி எழும்வரை இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் அங்கேயே இருப்பார். எந்த மருத்துவப் பாடத்தில் இது இருக்கிறது? எந்தப் பல்கலைக்கழகம் இதைச் சொல்லிக்கொடுத்தது? எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கதை சொன்னார். சாகக் கிடந்த ஒரு பெண்ணுக்கு உறவினர்கள் காய்ச்சி வைத்த பாலை டாக்டர் எடுத்துக் குடித்துவிட்டார் என்ற கதை. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். கிள்ளானில் இந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. 'பால் குடிச்ச டாக்டர்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். நான் பெயர் சொல்லவில்லை.

அந்தப் பெண் என் மனைவி. மாரியாயி. அந்தப் பால் என் கையில் இருந்த பால்.

அந்தக் கதையின் மிச்சப் பாதியை இன்று சொல்கிறேன்.

மாரியாயிக்குப் புற்றுநோய். கருப்பையில் தொடங்கி எலும்புக்குப் போய்விட்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் அய்யாவு வந்தார். வலிக்கு மார்ஃபின் மருந்துக்கு ஏற்பாடு செய்தார். வலி குறைந்தது என்பார் அவர். குறைந்தது, போகவில்லை என்பேன் நான். புரட்டிப் படுக்கவைக்கும்போது அவள் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக்கும் கேட்கும். அவர்கள் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒரு நாள் காலை அவள் என்னைக் கூப்பிட்டாள். "ஏங்க, போதுங்க. டாக்டர்கிட்ட சொல்லி என்னை அனுப்பி வச்சிருங்க" என்றாள். புத்தி தெளிவாக இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. முப்பத்தொன்பது வருட மணவாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்ட பொருள்கள் எவை என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

டாக்டர் வந்ததும் வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். "டாக்டர், ஒரே ஒரு ஊசி. நாய்க்குப் போடுறாங்களே, அந்த மாதிரி."

"நான் நாய் டாக்டர் இல்லண்ணே."

"அப்ப என் பொண்டாட்டி நாயை விடக் கேவலமா?"

"அண்ணே, வலிக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க. மருந்தக் கூட்டுறேன். ராத்திரி பகல் எப்ப கூப்பிட்டாலும் வர்றேன். ஆனா முடிக்கிறதுக்கு மட்டும் என்கிட்ட ஊசி கிடையாது."

"பயமா? போலீஸ் புடிச்சிட்டுப் போவான்னு பயமா?"

"அதுவும் உண்டு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஆனா அது ரெண்டாவதுண்ணே."

முதல் காரணம் என்ன என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை.

அவள் கேட்ட நாளிலிருந்து பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தாள். பத்தொன்பது! நான் நாள்காட்டியில் கோடு போட்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான்காம் நாள் பிற்பகல் உறவினர்கள் வந்தார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் பால் ஊற்றுவோம். மகன் கையால், கணவன் கையால் ஒரு வாய் பால் போனால் நிம்மதியாகப் போய்விடுவார்கள் என்பது நம்பிக்கை. அவளுடைய தங்கை ரமணி பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாள். கரண்டியும் கொடுத்தாள். இரண்டு நாளாக மாரியாயிக்குத் தண்ணீர் கூட விழுங்க முடியவில்லை; தோலுக்கடியில் ஊசி வழியாகத்தான் டாக்டர் சொட்டுநீர் ஏற்றிவந்தார். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். பஞ்சை நனைத்து உதட்டை மட்டும் ஈரப்படுத்துங்கள் என்று சொல்லியிருந்தார். எனக்கு அது நன்றாகத் தெரியும். கேளுங்கள், எனக்கு நன்றாகத் தெரியும்!

எல்லோரையும் கூடத்துக்கு அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். கரண்டியைக் கீழே வைத்தேன். டம்ளரை எடுத்தேன். அவள் தலையைத் தூக்கி என் தோளில் சாய்த்தேன்.

இதுவரை நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. சட்டம் வந்து கேட்டால் கேட்கட்டும். எழுபத்தேழு வயதில் நான் எங்கே ஓடப்போகிறேன்?

கதவு திறந்தது. டாக்டர். சப்பாத்தைக் கழற்றாமல் அவர் ஒரு வீட்டுக்குள் வந்தது அன்று ஒரு நாள்தான். டம்ளரைப் பார்த்தார். கீழே கிடந்த கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கையை நீட்டி டம்ளரை வாங்கினார்.

"சீனி போட்டீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைச் சன்னல் ஓரத்தில் வைத்தார். கையைக் கழுவினார். பஞ்சை எடுத்து மாரியாயியின் உதட்டைத் துடைக்க ஆரம்பித்தார். வெளியே போகும்போது கூடத்தில் இருந்தவர்களிடம், "வெயில்ல வந்தேனா, அண்ணன் எனக்குப் பால் குடுத்தாரு. நல்லா இருந்திச்சு" என்று சொன்னார்.

"ஐயையோ! சாகப்போறவளுக்கு வச்ச பால டாக்டரு குடிச்சிட்டாரே!" என்று ரமணி வாயில் அடித்துக்கொண்டாள். மறுநாள் கடைத்தெரு முழுக்கப் பேச்சு. பேராசைக்காரன் என்றார்கள். முறை தெரியாதவன் என்றார்கள். பன்னிரண்டு வருடம் சிரித்தார்கள். அவர் ஒரு முறையாவது விளக்கம் சொன்னாரா? நான்தான் சொன்னேனா?

நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம், எனக்கு அவர்மேல் கோபம். ஊசியும் போடமாட்டேன் என்கிறாய், பாலையும் ஊற்றவிட மாட்டேன் என்கிறாய், பிறகு எப்படித்தான் அவள் போவது? அந்தக் கேள்வி என் நெஞ்சில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. மிச்சம் பதினைந்து நாளும் அவர் வந்தார். ஒரு நாள் விடுப்பு இல்லை. மருந்தைக் கூட்டினார், படுக்கையை மாற்றினார், என்னைத் தூங்கச் சொன்னார். நான் தூங்கவில்லை. கடைசி மூன்று நாள் அவள் அமைதியாகக் கிடந்தாள் என்பது உண்மை. அதற்கு முந்தைய நாள்களை யார் திருப்பித் தருவார்கள் என்பதும் உண்மை.

மாரியாயியின் காரியம் முடிந்த மறுமாதமே இந்த மேடையில் ஏறினேன். தலைப்பு நான் கொடுத்தது: 'சாக விரும்பும் நோயாளிக்கு மருத்துவர் உதவலாமா?' எதிர்த்துப் பேச டாக்டரையே அழைத்தேன். வந்தார். அதையும் சேர்த்து ஏழு முறை. கைதூக்கும் வாக்கில் நான்கு முறை நான் வென்றேன். அவர் அதை எண்ணியதே இல்லை. நான் எண்ணினேன்.

நான் என்ன பேசினேன்? உயிர் யாருடையது? அவளுடையது! வலி யாருடையது? அவளுடையது! முடிவு மட்டும் ஏன் டாக்டருடையதாக இருக்க வேண்டும்? வாணி வாழும் மாநிலத்தில் இதற்குச் சட்டம் இருக்கிறது. இரண்டு மருத்துவர்கள் பார்க்கிறார்கள், நோயாளியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், பிறகு அனுமதிக்கிறார்கள். நம் நாட்டில் தற்கொலைக்கு முயன்றவனைத் தண்டிக்கும் சட்டத்தையே அண்மையில்தான் எடுத்தார்கள். உதவுகிறவனுக்கு இன்றும் சிறைதான். சட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? கதவைச் சாத்திக்கொண்டு டம்ளரை எடுக்கிறார்கள். பொதுவாகச் சொல்கிற மாதிரிதான் அப்படிச் சொன்னேன். டாக்டர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து, 'அந்த டம்ளர் உங்களுடையதுதானே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே என் வாதம் முடிந்திருக்கும். ஏழு முறையும் அவர் அதைச் சொல்லவில்லை.

அவர் என்ன பேசினார்? அவருடைய முதல் காரணத்தை இந்த மேடையில்தான் கேட்டேன். "நான் ஒரு வீட்டுக்குள்ள போனா, படுத்திருக்கிறவரு என் பையைப் பாக்குறாரு. அதுக்குள்ள என்ன இருக்குன்னு அவருக்கு இப்ப சந்தேகம் கிடையாது. நாளைக்கு நான் ஒரு வீட்ல ஊசி போட்டேன்னு வைங்க, அடுத்த வீட்ல இருக்கிறவரு என் பையைப் பாத்து பயப்படுவாரு. அவரு மகன் என்னை வாசலுக்குக் கூப்பிட்டுத் தனியாப் பேசுவான். அம்மாவுக்குக் கஷ்டம்பான். யாருக்குக் கஷ்டம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"பயம் உங்களுக்கு டாக்டர், வலி அவங்களுக்கு" என்று நான் பதில் சொன்னேன். அரங்கம் கை தட்டியது. அவரும் தட்டினார். அப்படிப்பட்ட மனிதரோடு சண்டை போடுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியுமா?

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு நோய் வந்தது. நரம்பு நோய். ஒவ்வொரு தசையாகச் செயல் இழக்கும், புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். மருந்து இல்லை. முதலில் வலது கை, பிறகு கால்கள், பிறகு பேச்சு. பேச்சு போவதற்கு முன் என்னை வீட்டுக்கு அழைத்தார். ஒரு கடிதத்தைக் கொடுத்தார். சாட்சிகளோடு கையெழுத்து வைத்தது. அதை வாசிக்கிறேன்.

'எனக்கு வயிற்றில் குழாய் வேண்டாம். மூச்சு இயந்திரம் வேண்டாம். ஊசி போட்டு முடிக்கவும் வேண்டாம். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து வேண்டும். உதடு காயாமல் பார்த்துக்கொள்ளவும்.'

இவ்வளவுதான் கடிதம்.

"டாக்டர், குழாய் வேணாங்கிறதும் ஊசி வேணுங்கிறதும் ஒண்ணுதானே? போய்ச் சேர்ற எடம் ஒண்ணுதானே?" என்று கேட்டேன்.

"நோய் அது வழியில போகட்டும்னு விடுறது வேறண்ணே. நான் அதைக் கையப் புடிச்சி இழுத்துட்டுப் போறது வேற."

நான் அதை ஏற்கவில்லை. இன்றும் ஏற்கவில்லை. அதிருக்கட்டும். "இதை ஏன் என்கிட்ட குடுக்கிறீங்க? உங்க பொண்ணுகிட்ட குடுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"அவ அழுவா. அழுறவங்க எழுதினதப் படிக்க மாட்டாங்க. நீங்க கல்லு மாதிரி நிப்பீங்க. என்னைப் புடிக்காதவரு வேற. ஒரு எழுத்த மாத்த மாட்டீங்க" என்று சிரித்தார்.

அப்படித்தான் நின்றேன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போய் அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டினேன். விழுங்குவது குறைந்தபோது வாணி வந்தார். குழாய் வைக்கலாம் என்றார். நான் கடிதத்தை வாசித்தேன்.

"அங்கிள், அப்பாவுக்குப் பசிக்குது. நீங்க பேப்பர் காட்டுறீங்க!"

இரண்டாம் முறை வாசித்தேன்.

"ட்வெல்வ் இயர்ஸ் வெயிட் பண்ணீங்க லா. உங்க வைஃபுக்கு அப்பா செய்யல. இப்ப பழி தீர்க்கிறீங்க. சொல்லுங்க, அப்படித்தானே?"

மூன்றாம் முறை வாசித்தேன். வாணி, நீங்கள் தலை குனிய வேண்டாம் அம்மா. அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. பிறகு நீங்களே அப்பா பக்கத்தில் மண்டியிட்டு, "டியூப் வேணுமாப்பா?" என்று கேட்டீர்கள். அவர் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். நீங்கள் அழுதுவிட்டு எழுந்து எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தீர்கள். அதோடு அது முடிந்தது.

இப்போது விமலனின் வரிக்கு வருகிறேன். இறப்பதற்கு ஐந்து வாரம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை. டாக்டருக்குப் பேச்சு போய்விட்டது. இடது கையால் பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதுவார். நான் போனபோது பதினொன்றரை மணி. முடி திருத்தும் ரியாஸ் அப்போதுதான் உள்ளே வந்தார். ராமநாதபுரத்து ஆள், வேலை பெர்மிட்டில் வந்து கிள்ளானில் ஒரு கடையில் இருக்கிறார். மாதம் ஒரு முறை டாக்டர் வீட்டுக்கு வந்து முடி வெட்டி முகம் மழிப்பார்.

துண்டைப் போர்த்திவிட்டு என்னைப் பார்த்தார் ரியாஸ். "டாக்டர் பாஸ், இந்த அங்கிள் மூஞ்சியப் பாருங்க. தெரியாத ஆளு யாராச்சும் வந்தா அவரத்தான் நோயாளின்னு நினைப்பான்."

டாக்டரின் தோள் குலுங்கியது.

"போன வாரம் ஒருத்தர் வந்தாரு பாஸ். தலையில மொத்தம் நாப்பது முடி. ஸ்டைலா வெட்டுன்னாரு. எந்த முடியண்ணேன்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. மறுநாள் திரும்பி வந்து, அந்த நடு முடிய மட்டும் வெட்டாதேன்னாரு!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, எனக்கு உயிரே போய்விட்டது. ரியாஸ் அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, முகத்தைத் துடைத்து, கண்ணாடியைக் காட்டி, "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான் கேட்டேன். ஆமாம், நான் அப்படிப்பட்டவன்தான், கேட்டேன். "டாக்டர், இந்த உடம்ப வச்சிக்கிட்டு இப்பவாவது ஒத்துக்கிறீங்களா? ஒருத்தன் ஊசியோட வந்தா வேணாம்னு சொல்லுவீங்களா?"

நோட்டை இழுத்தார். எழுத வெகுநேரம் ஆனது. அவர் எழுதியது இது.

மேல்பாதியில்: 'காலை பத்து மணிக்குக் கேட்டிருந்தால் ஆமாம் என்று எழுதியிருப்பேன். உங்களைக் கும்பிட்டுக் கேட்டிருப்பேன்.'

இந்த மேல்பாதியைத்தான் விமலன் நினைவு மலருக்காகப் படம் எடுத்தார். பக்கம் முழுதும் படத்துக்குள் வரவில்லை. வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படம் நாற்பது வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

கீழ்ப்பாதியில் இருப்பது இது: 'பதினொன்றரைக்கு ரியாஸ் வந்தான். இப்போது பன்னிரண்டு மணி. இப்போது வேண்டாம். ஊசியோடு வருகிறவன் பத்து மணிக்கு வந்திருந்தால்?'

கேட்டீர்களா! இதுதான் டாக்டர் அய்யாவு. தன் பலவீனத்தை மறைக்கவில்லை. பத்து மணியை மறைக்கவில்லை. ஆனால் கருத்தை மாற்றிக்கொண்டாரா? எங்கே மாற்றிக்கொண்டார்?

நான் விடவில்லை. "உங்க வீட்டுக்கு ரியாஸ் வந்தான் டாக்டர். என் வீட்டுக்கு வரலையே! பத்தொம்போது நாளும் அவளுக்குப் பத்து மணியாவே இருந்திச்சே!" என்றேன்.

நான் பத்திரிகையில் இரண்டு செய்தி வாசித்து முடித்துவிட்டேன். அதன் பிறகு எழுதினார். 'தெரியும் அண்ணே. அதற்கு என்னிடம் பதில் இல்லை.'

அந்த வரியை நான் வெற்றியாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளவில்லை. பதில் இல்லை என்று ஒரு மனிதன் ஒத்துக்கொள்வது வேறு, உன் பக்கம் வந்துவிட்டேன் என்று சொல்வது வேறு. இது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் கேட்ட பத்து மணிக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் நான் என் பக்கத்தை விட்டுவிடவில்லையே!

அவர் போனது ஒரு வியாழக்கிழமை பிற்பகல். செவிலியர் ஜரீனா மூச்சுத் திணறலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன். டாக்டரின் தங்கை அமுதவள்ளி காப்பாரிலிருந்து வந்தார். கையில் பால் டம்ளர்.

"நம்ம வழக்கம்ணே. ஒரு வாய் பால் ஊத்தாம அண்ணன அனுப்புறதா?"

அவர் கையில் இருந்தது அன்பு மட்டும்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் கையில் இருந்தது வேறு. ஆனால் மூச்சுக்குழாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது.

"இங்க குடுங்க தங்கச்சி" என்று வாங்கினேன். குடித்தேன். எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. வயிற்றைப் புரட்டும். முழு டம்ளரையும் குடித்தேன்.

"ஐயோ! உங்களுக்கும் எங்கண்ணன் புத்தி வந்திருச்சா!" என்று அமுதவள்ளி கத்தினார்.

கட்டிலின் அந்தப் பக்கம் உஷாராணி அம்மா இருந்தார். என்னைப் பார்த்தார். "சீனி போட்டிருந்திச்சாண்ணே?" என்று கேட்டார்.

சீனியைப் பற்றி டாக்டர் கேட்டது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். ஊர் பேசிய கதையில் அது கிடையாது. ஆக, அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு நான் என்ன செய்யப் போனேன் என்று தெரிந்துதான் செவ்வாய்க்கிழமைதோறும் எனக்குப் பாலில்லாத காப்பி கொடுத்திருக்கிறார். அம்மா, இந்த அரங்கில் வைத்து உங்களை வணங்குகிறேன்.

முடிக்கிறேன்.

டாக்டரின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய நான்கு பேரும் சொன்னார்கள். எப்படித் தொடர்வார்கள் என்று சொல்லவில்லை. நான் சொல்கிறேன். டாக்டர் படுத்த பிறகு ஜரீனா தொடர்ந்துவரும் வியாழக்கிழமைப் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தது ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு வீடு. ஜரீனா மருந்தோடு போகிறார். அவரோடு நானும் போகிறேன். எனக்கு மருத்துவம் தெரியாது. நாற்காலி போட்டு உட்காரத் தெரியும். தூங்காதவரைத் தூங்கச் சொல்லத் தெரியும். பஞ்சை நனைக்கத் தெரியும். அந்த வீட்டில் யாராவது டம்ளரோடு வந்தால், வாங்கிக் குடிக்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு நான் இருக்கிறேன்.

அடுத்த விவாதத்தில் நான் என் பக்கம்தான் பேசுவேன். மாரியாயிக்காகப் பேசுவேன். எதிர் நாற்காலிக்கு நல்ல ஆளாகப் பார்த்து வையுங்கள். சோப்ளாங்கியை உட்காரவைத்தால் டாக்டருக்கு அவமானம்.

தலைவர் அவர்களே, நோட்டு இதோ இருக்கிறது. இரண்டு பாதியையும் நீங்களே பாருங்கள். பேனா உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. ஐந்தாவது வரி. அதை நீங்கள் அடிக்கும்வரை நான் இந்த ஒலிவாங்கியை விட்டு நகரப் போவதில்லை.